உப்புக் கொள்முதல் கணக்கு

2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயக்கழிவுக்கு ஒரு விலை வைத்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை எட்ட வேண்டும். எட்டும்வரை, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசு கட்ட வேண்டும். அடுத்தடுத்த மாதங்களில் அது 8 காசாகவும் 10 காசாகவும் ஏறும். சூழலியலில் அக்கறையுள்ளவர்கள் இந்தத் தீர்ப்பைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறார்கள். வணிகவியல் கற்பிக்கும் எனக்கு அதில் தெரிவது ஒரு குறிப்பேட்டுப் பதிவு. அபராதக் கணக்கு, பற்று. வங்கிக் கணக்கு, வரவு. ஆற்றில் விட்ட ஒவ்வொரு லிட்டருக்கும் பேரேட்டில் ஒரு வரி எழுதியாக வேண்டும் என்ற நிலை அன்றுதான் வந்தது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே கட்டிய அணை 1992-ல் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. பனியன் ஏற்றுமதி பெருகிய அதே ஆண்டுகளில் அந்த அணை சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போனது. தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய பாசனக்காரர்கள், தயவுசெய்து மதகைத் திறக்காதீர்கள் என்று கேட்க நேர்ந்தது. சூழலியல் இழப்புக்கான ஆணையம் 2004-ல் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சேர்த்து ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 9 ஆயிரம் ரூபாய்கூட வராது.

இத்தனை ஆண்டுகளும் பட்டறைகளில் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். சாயமேற்றும் இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதினார்கள். பாய்லருக்கு எழுதினார்கள், ஓனருடைய காருக்கும் எழுதினார்கள். ஆற்றோரத் தோட்டத்தில் ஒரு கிணறும் அதே ஆண்டுகளில்தான் தேய்ந்தது. அந்தத் தேய்மானத்தை எழுத யாரிடமும் ஏடு இல்லை.

அந்தக் கணக்குகளைப் பொய்க் கணக்கு என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் என்னை அதிகம் அலைக்கழிக்கிறது. பில் இருந்தது, வவுச்சர் இருந்தது, இருப்பாய்வு இருபுறமும் சமமாக நின்றது, தணிக்கையாளர் கையெழுத்திட்டார். ஒரு பொறுப்புக்காக ஒதுக்கு உருவாக்க வேண்டுமானால் கணக்கியல் தரநிலை மூன்று நிபந்தனைகளைக் கேட்கிறது. நடந்து முடிந்த ஒரு செயலால் கடப்பாடு எழுந்திருக்க வேண்டும். அதைத் தீர்க்கப் பணம் வெளியே போகும் வாய்ப்பு மிகுதியாக இருக்க வேண்டும். தொகையை நம்பத்தகுந்த விதத்தில் மதிப்பிட முடிய வேண்டும். ஆறு கெட்டது என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் யார் எவ்வளவு கெடுத்தார்கள், அதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆகவே ஒதுக்கு இல்லை. விதிப்படி சரி. தேர்வில் ஒரு மாணவர் இப்படி விடையெழுதினால் முழு மதிப்பெண் போட்டாக வேண்டும்.

உண்மையிலேயே முழு மதிப்பெண்ணுக்குரிய விடைதானா? 1996 ஆகஸ்டில் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏறத்தாழ 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததும் அதிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பதோடு நில்லாமல் கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. மேலே சொன்ன ஆணையம் அமைந்ததும் அந்தத் தீர்ப்பின் விளைவாகத்தான். அப்படியானால் 1997-லோ 2000-த்திலோ திருப்பூரில் ஒரு பட்டறையின் ஐந்தொகையில் கையெழுத்திட்டவருக்கு, நடந்து முடிந்த செயல் ஒன்று இருப்பதும் அதனால் கடப்பாடு எழுந்திருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். தொகை தெரியவில்லை என்றால் குறைந்தது எதிர்நோக்கும் பொறுப்பு என்று அடிக்குறிப்பிலாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். 1996-க்கும் 2006-க்கும் இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுக் கணக்குகள் சரியா, தவறா? மூன்றாமாண்டு பி.காம். வகுப்பில் விவாதிக்க இதைவிட நல்ல கேள்வியை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இரு பக்கமும் தரநிலையை மேற்கோள் காட்டியே வாதாடலாம்.

இந்தக் கேள்வியை மூன்றாமாண்டு வரை தள்ளிப்போட்டதே பிழை என்றும் தோன்றுகிறது. இதன் வேர் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலின் தொடக்கப் பாடங்களில் இருக்கிறது.

கணக்கியல் அனுமானங்கள் அங்கே வரிசையாக வரும். வணிகம் வேறு, உரிமையாளர் வேறு என்னும் தனித்தன்மை அனுமானம். பணத்தால் அளக்க முடிவதை மட்டுமே ஏட்டில் எழுதுவோம் என்னும் பணமதிப்பீட்டு அனுமானம். நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்னும் நிறுவனத் தொடர்ச்சி அனுமானம். வருங்கால நட்டத்தை முன்கூட்டியே கணக்கில் கொள், வருங்கால லாபத்தை வரும்வரை எழுதாதே என்னும் முன்னெச்சரிக்கை மரபு. இவற்றை ஒரு வாரத்துக்குள் நடத்திவிட்டுக் குறிப்பேட்டுப் பதிவுக்கு ஓடிவிடுவோம். குறிப்பேட்டில்தான் மதிப்பெண். அனுமானங்கள் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய வரையறைகள், அவ்வளவுதான்.

ஆனால் இந்த இரண்டு மதிப்பெண் வரையறைகள்தான் ஆற்றை வெளியே நிறுத்துகின்றன. தனித்தன்மை அனுமானம் ஒரு வேலி போடுகிறது: வேலிக்குள் நடப்பது நம் கணக்கு, வெளியே நடப்பது இன்னொருவர் பாடு. பணமதிப்பீட்டு அனுமானம் வாசலில் நின்று, விலைச்சீட்டு இல்லாத எதையும் உள்ளே விட மறுக்கிறது. இவை இயற்கையின் விதிகள் இல்லை. வணிகர்கள் தம் தேவைக்கு வகுத்துக்கொண்ட ஏற்பாடுகள். அந்தத் தேவைக்கு மிகச் சிறந்த ஏற்பாடுகள். ஆனால் நாம் கற்பிக்கிற விதத்தில் அவை புவியீர்ப்பு விசையைப் போல மாணவர் மனத்தில் இறங்கிவிடுகின்றன. ரூத் ஹைன்ஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் 1988-ல் எழுதிய ஒரு கட்டுரை கணக்கியல் ஆய்வாளர்களிடையே பெயர்பெற்றது. ஓர் அமைப்பு எங்கே முடிகிறது என்று எல்லை வரைபவர் கணக்காளர்தான், அந்த வரைபடத்தை நம்பி எல்லோரும் நடக்க நடக்க அது உண்மையாகவே ஆகிவிடுகிறது என்பது அதன் சாரம். முதலாமாண்டு மாணவருக்கும் புரியக்கூடிய விஷயம்தான். நாம் சொல்வதில்லை.

ஒருமுறை தனித்தன்மை அனுமானத்தை நடத்திக்கொண்டிருந்தபோது நொய்யல் கரையோர ஊரிலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து, "ஏனுங்க சார், எங்க தோட்டத்துக் கெணறு இதுல எங்கீங்க வருது?" என்று கேட்டான். அது வராது என்பதுதான் பாடநூல் விடை. ஏன் வராது, வர வேண்டுமென்று முடிவு செய்தால் எந்தப் பக்கத்தில் எழுதலாம், எவ்வளவென்று எழுதலாம் என்று அந்த மணிநேரம் முழுக்கப் பேசினோம். ஒதுக்கு என்றாள் ஒரு மாணவி. மூலதனத்திலேயே குறைத்துக் காட்ட வேண்டும், கிணற்றுத் தண்ணீரும் பட்டறையில் போட்ட முதல்தானே என்றான் இன்னொருவன். அந்த யோசனை ஆய்விதழ்களில் இயற்கை மூலதனம் என்ற பெயரில் பல ஆண்டுகளாக விவாதிக்கப்படுவது. அவனுக்கு அது தெரியாது. பேரேட்டுப் பயிற்சியே அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

முன்னெச்சரிக்கை மரபைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சேதம் வரும் என்று அறிவியல்பூர்வமாக முழுதும் நிரூபணமாகும்வரை காத்திருக்காதே, முன்னதாகவே தடு என்பதும் அதே 1996 தீர்ப்பு ஏற்றுக்கொண்ட கொள்கை. வாராக்கடன் வரும் என்று ஐயப்பட்டாலே லாபத்தில் ஒதுக்கி வைக்கும் கணக்காளருக்கு இந்தக் கொள்கையை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. நூற்றாண்டுகளாக அவர் கடைப்பிடித்துவரும் பழக்கம் அது. வேலிக்கு உள்ளே மட்டும் கடைப்பிடித்தார்.

கணக்கை யார் பெயரில் எழுதுவது என்பதையே வாழ்நாள் கேள்வியாக வைத்துக்கொண்ட ஒரு தணிக்கையாளர் நம்மிடையே இருந்தார். ஜே.சி. குமரப்பா 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்துப் பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பயின்றார். பிரிட்டிஷ் ஆட்சியின் வரவுசெலவு இந்தியாவை எப்படி வறுமைப்படுத்தியது என்பது அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு. அந்தக் கையெழுத்துப்படிதான் 1929-ல் அவரைக் காந்தியிடம் கொண்டுசேர்த்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான நிதிக் கடப்பாடுகளை ஆராய 1931-ல் காங்கிரஸ் அமைத்த குழுவை ஒருங்கிணைத்தவர் அவர். இந்தியாவின் பொதுக்கடன் என்று ஏட்டில் நின்ற தொகையை அந்தக் குழு பிரித்துப் பார்த்தது. இந்திய எல்லைக்கு அப்பால் பேரரசு நடத்திய போர்களின் செலவு, 1857 எழுச்சியை அடக்கிய செலவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்குக் கொடுத்த தொகை என்று இவையெல்லாம் இந்திய மக்கள் பெயரில் பற்று எழுதப்பட்டிருந்தன. கூட்டல் கழித்தலில் தவறில்லை, பெயரில்தான் தவறு என்றது அறிக்கை.

1934 பீகார் நிலநடுக்க நிவாரண நிதியின் கணக்குகளை அவர்தான் பார்த்தார். காந்தியோடு வந்தவர்களின் செலவைக்கூட அந்த நிதியில் எழுத மறுத்தார் என்பது அவர் வாழ்க்கையை அறிந்தவர்கள் சொல்லும் செய்தி. 1940-களில் சிறையிலிருந்து எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், எடுக்க எடுக்கத் தீர்ந்துபோவதை நம்பிய வாழ்வையும் திரும்பத் திரும்ப விளைவதை நம்பிய வாழ்வையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். நிலக்கரியும் பெட்ரோலும் ஒரு பக்கம். மழையும் மரமும் மண்ணின் வளமும் மறுபக்கம். முதலைத் தின்பதையும் வருவாயைத் தின்பதையும் வேறுபடுத்தத் தெரிந்த கணக்காளரின் கண் அது. கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960-ல் மறைந்தார். நான் பாடம் நடத்தும் வணிகவியல் நூல்களில் அவர் பெயர் இல்லை. லூக்கா பச்சோலி 1494-ல் வெனிஸில் இரட்டைப் பதிவு முறையை அச்சிட்டார் என்று மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். ஒப்பிக்கட்டும், வேண்டியதுதான். குமரப்பாவையும் சேர்த்துப் படிக்கக் கூடாதா?

இன்று வளங்குன்றாமை அறிக்கை பாடத்திட்டங்களுக்குள் வந்துகொண்டிருக்கிறது. செபி 2021-ல் பி.ஆர்.எஸ்.ஆர். என்னும் அறிக்கை வடிவத்தைக் கொண்டுவந்து, சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயமாக்கியது. 2023-ல் அதன் முக்கியமான பகுதிக்கு வெளியார் உறுதிச் சான்றையும் படிப்படியாகக் கேட்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் பன்னாட்டு வளங்குன்றாமைத் தரநிலை வாரியம் தன் முதல் இரண்டு தரநிலைகளை வெளியிட்டது. எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்தீர்கள், எத்தனை லிட்டர் வெளியே விட்டீர்கள், விற்றுமுதலில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்று கேள்விகள் திட்டமாகவே இருக்கின்றன. நல்ல வளர்ச்சி, இதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

வகுப்பறையில் இது எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் கவலை. ஒரு விருப்பப் பாடத்தின் ஐந்தாம் அலகாக வருகிறது. எழுத்துச் சுருக்கங்களின் பட்டியலாக வருகிறது. மாணவர்கள் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையின் ஒன்பது கோட்பாடுகளையும் எண் போட்டு எழுதுகிறார்கள். லாபம், மனிதர், புவி என்னும் மூன்று அடிவரிகளை எழுதுகிறார்கள். 1994-ல் அந்தக் கருத்தை முன்வைத்த ஜான் எல்கிங்டனே 2018-ல் அதைத் திரும்பப் பெற்று மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தார். ஒரு பொருளில் குறை கண்டால் கம்பெனி திரும்பப் பெறுவதில்லையா, அந்த முறையில். முதலாளித்துவத்தை மாற்றத்தான் அதைச் சொன்னேன், கணக்கெழுதும் கருவியாகச் சுருக்கிவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். அந்தச் செய்தி நம் பாடக்குறிப்புகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அறிக்கை எழுதத் தெரிவதும் உண்மை சொல்வதும் ஒன்றாகவே போகும் என்று நம்ப முடியாது. சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம் 2008-ல் சிறந்த நிறுவன ஆளுகைக்கான உலகளாவிய தங்க மயில் விருதைப் பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், ஐந்தொகையில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். 2015 செப்டம்பரில் டௌ ஜோன்ஸ் வளங்குன்றாமைக் குறியீடு வாகன நிறுவனங்களில் ஃபோக்ஸ்வாகனை முதலிடத்தில் வைத்தது. புகைச் சோதனையில் ஏமாற்றும் மென்பொருள் அதன் டீசல் கார்களில் இருப்பது அதே மாதத்தில் வெளியானது. இந்த இரண்டையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் இவை ஹைதராபாத்திலும் ஜெர்மனியிலும் நடந்தவை. எங்கள் கல்லூரியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் பட்டியலிட்ட நிறுவனம் ஒன்றின் வாசலைக்கூட மிதிக்கப் போவதில்லை. திருப்பூர், கரூர், ஈரோடு ஆடிட்டர் ஆபீஸ்களில் உட்கார்ந்து டேலி போடுவார்கள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்வார்கள். அல்லது பனியன் கம்பெனியிலோ சாயப்பட்டறையிலோ கணக்குப் பார்ப்பார்கள். பட்டறைகளில் மிகுதி கூட்டு வணிகமும் தனியாள் வணிகமும்தான். செபியின் கேள்வி அங்கே நேரடியாக எட்டாது. நொய்யலைக் கெடுத்தவை பட்டியலிட்ட நிறுவனங்கள் இல்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே அந்தக் கணக்காளர் மேசையிலிருந்தே தொடங்கும் ஒரு பயிற்சியைச் சில ஆண்டுகளாக வகுப்பில் கொடுத்து வருகிறேன். அறிக்கை எதுவும் வேண்டாம். பட்டறையில் ஏற்கெனவே இருக்கும் பில்கள் போதும்.

பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரைகூடப் போடுகிறார்கள். அந்த உப்பு சாயத்தைத் துணியில் ஏற்றிவிட்டு, தான் துணியில் தங்காமல் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். இதுதான் பயிற்சியின் திறவுகோல். நூல் துணியாகும், சாயம் நிறமாகும், உப்பு எதுவும் ஆகாது. எவ்வளவு வாங்கினார்களோ அவ்வளவும் எங்கேயோ இருந்தாக வேண்டும். கழிவுநீரைச் சவ்வு வழியே வடித்து, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி, உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிற பட்டறையில், உற்பத்தி குறையாமலே உப்புக் கொள்முதல் இறங்கும். மீட்க முடியாத கலவை உப்பும் சேறும் குடோனில் மூட்டையாக ஏறும். அதற்கு ஒரு பதிவேடு இருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு கற்பனைப் பட்டறையின் ஓராண்டு ஏடுகளைக் கொடுக்கிறேன். மாதம் 60 டன் துணிக்கு ஜாப் ஒர்க் பில். கிலோவுக்குச் சராசரி 400 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் மாதம் 24 டன் உப்பு தேவை. கொள்முதல் கணக்கைப் பார்க்கிறார்கள்: பன்னிரண்டு மாதமும் 24 டன்னை ஒட்டியே இருக்கிறது. மீட்ட உப்பு எங்கே? மீட்பு இயந்திரம் முறையாக ஓடுகிறது என்று காட்டும் சான்றிதழ் ஒன்றும் கோப்பில் உண்டு. அடுத்து மின்கட்டணம். சவ்வு வடிப்புக்கும் காய்ச்சும் கலத்துக்கும் மின்சாரம் நிறைய வேண்டும். மழைக்காலத்தில், ஆற்றில் வெள்ளம் ஓடும் மாதங்களில், உற்பத்தி அப்படியே இருக்க மின்கட்டணம் மட்டும் இறங்கியிருக்கிறது. பிறகு பாய்லர் விறகு. சாயமேற்றவும் பாய்லர் ஓடும் என்பதால் அந்தப் பங்கைக் கழித்துப் பார்க்க வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழுவார்கள். கடைசியாகத் தண்ணீர். கிலோவுக்கு 50 லிட்டர் வீதம் மாதம் 30 லட்சம் லிட்டர். மீட்ட தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தினால் லாரித் தண்ணீர் பில் பாதிக்கும் கீழே வந்திருக்க வேண்டும்.

இந்த நான்கு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த கணம் வகுப்பின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பணத்துக்கு எழுதிய ஏடுதான், ஆற்றைப் பற்றியும் சாட்சி சொல்கிறது. ஒரு பில்லும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் சரியாகப் பதிவாகியிருக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட யாரும் கற்றுத்தரவில்லை, அவ்வளவே. இரட்டைப் பதிவின் அடிப்படையே உள்ளே வந்ததற்கு வெளியே போனதைக் காட்டு என்பதுதானே. அதை ரூபாய்க்குப் பதிலாக டன்னிலும் லிட்டரிலும் கேட்கிறோம்.

இந்த இடத்தில்தான் அறம் பாடமாகிறது. நேர்மை, நடுநிலை, தொழில்திறம், இரகசியம் காத்தல், தொழில்முறை நடத்தை என்று பன்னாட்டு நெறிமுறைகள் ஐந்தைச் சொல்கின்றன. ஐந்தையும் எழுதினால் ஐந்து மதிப்பெண். ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் முதல் வருடம் வேலை பார்க்கும் இருபத்தொரு வயதுப் பெண்ணின் கையில் அந்த உப்புப் பில் இருக்கும்போது இவற்றில் இரண்டு மோதிக்கொள்கின்றன. வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காக்க வேண்டும். கண்டதைச் சொல்லாமலும் இருக்கக் கூடாது. பெரிய ஆடிட்டருக்கு அந்தப் பட்டறைக்காரர் இருபது வருடப் பழக்கம். அவளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். இந்த நிலையில் வீரம் காட்டச் சொல்லிக் கற்பிப்பது பொறுப்பற்ற செயல். சட்டமீறலைக் கண்டால் கணக்காளர் என்ன செய்ய வேண்டும் என்று 2016-ல் வந்த பன்னாட்டு நெறி படிப்படியாக வழி சொல்கிறது. சுற்றுச்சூழல் சட்டங்களும் அதில் அடங்கும். முதலில் புரிந்துகொள், மேலதிகாரியிடம் சொல், நிர்வாகத்திடம் கேள், எழுத்தில் பதிந்துவை, அதன்பிறகும் பொதுநலன் கோரினால் வெளியே சொல்வதைப் பற்றி யோசி.

எனவே நான் அவர்களுக்குக் கற்றுத்தர முயல்வது ஒரு வினாக்கடிதம் எழுத. குற்றச்சாட்டு இல்லாமல், தழுதழுப்பும் இல்லாமல். 'இவ்வாண்டு உப்புக் கொள்முதல் உற்பத்தியோடு ஒப்பிடக் குறையவில்லை. மீட்பு அமைப்பு முழு அளவில் இயங்கியிருந்தால் குறைந்திருக்கும். வேறுபாட்டுக்கான விளக்கத்தையும், சேறு, கலவை உப்பு இருப்புப் பதிவேட்டையும் தந்துதவ வேண்டுகிறோம்.' இந்த மூன்று வாக்கியங்களை எழுத ஒரு வகுப்பு முழுக்க ஆகிறது. முதல் வரைவுகளில் சிலர் பட்டறைக்காரரைத் திட்டியிருப்பார்கள், சிலர் கேள்வியே இல்லாமல் வணக்கத்தோடு முடித்திருப்பார்கள். எழுதி எழுதிச் சரியான இடத்துக்கு வர வேண்டும். கோப்பில் அந்தத் தாள் இருக்கிறது என்பதே பலமுறை போதுமானதாக இருக்கும். மறுநாள் இயந்திரம் ஓடும்.

பட்டறைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி இந்தப் பாடத்தை முடிக்கக் கூடாது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. அதன்பிறகும் நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. வேலையிழந்து பலர் ஊர் திரும்பினார்கள். மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைகள் மெல்லத் திறந்தன, கழிவை மீட்கும் தொழில்நுட்பம் பரவலாக நிலைபெற்றது, இன்று திருப்பூர் அதைப் பெருமையோடு சொல்கிறது. சொல்லத் தகுதியுண்டு.

அந்த மீட்புக்கு ஆகும் செலவு சாயக்கூலியில் ஏறுகிறது. பழைய அபராதத்தையே எடுத்துக்கொண்டால் கிலோவுக்கு 50 லிட்டர், லிட்டருக்கு 6 காசு, மூன்று ரூபாய். மீட்புக்கு உண்மையில் ஆகும் செலவு அதற்கு மேலே பல மடங்கு. ஒழுங்காக மீட்கும் பட்டறை இந்தத் தொகையைக் கூலியில் சேர்க்கிறது. இரவில் குழாயைத் திறந்துவிடும் பட்டறை சேர்ப்பதில்லை. ஏற்றுமதியாளர் இரண்டு கொட்டேஷனையும் வாங்கிப் பார்க்கிறார். அவருக்கு மேலே ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிராண்டு, தன் வளங்குன்றாமை அறிக்கையில் விநியோகச் சங்கிலியின் தண்ணீரைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதுகிறது. அதே பிராண்டின் கொள்முதல் பிரிவு பனியனுக்கு நாலு சென்ட் குறைக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புகிறது. இரண்டு ஆவணங்களையும் ஒரே மேசையில் வைத்துத் தணிக்கை செய்யும் ஆள் யார்?

என் மாணவர்களில் ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராகவும் கணக்காளராகவும் போனவர்கள் உண்டு. அவர்கள் கையில் அந்த இரண்டாவது ஆவணம் இருக்கிறது. சாயக்கூலியை ஒரே தொகையாக எழுதாமல், சாயமேற்றும் செலவு, நீர் மீட்புச் செலவு என்று இரண்டு தலைப்பாகப் பிரித்து விலைப்பட்டியல் போட்டால், வாங்குபவர் எதைக் குறைக்கச் சொல்கிறார் என்பதாவது எழுத்தில் நிற்கும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. டேலியில் புதிதாக ஒரு பேரேட்டுத் தலைப்பைத் திறக்க அரை நிமிடம் ஆகும்.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஐந்தாம் அலகில் உள்ள வளங்குன்றாமையை அங்கேயே விட்டுவைத்தாலும் சரி, முதல் பருவத்தின் அனுமானங்களுக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுங்கள். செலவுக் கணக்கியலில் உப்பு, தண்ணீர், மின்சாரம், விறகு இவற்றின் அளவுச் சமநிலையைக் கணக்காகப் போடச் சொல்லுங்கள். விடை எண்ணில் வரும், திருத்துவதும் எளிது. தணிக்கைப் பாடத்தில் ஐந்து நெறிகளைப் பட்டியலிடச் சொல்வதை நிறுத்திவிட்டு ஒரு வினாக்கடிதம் எழுதச் சொல்லுங்கள். திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கும் கல்லூரிகள் சாயத்துக்குப் பதிலாகத் தோலை எடுத்துக்கொள்ளட்டும். அங்கே குரோமியம் வாங்கிய பில் இருக்கும்.